நீலத் தலைப்பாகையில் ஒன்றேகால் முழம்

நம் வயதுக்காரர்களுக்குக் கல்யாண வரவேற்பு என்றாலே அலுப்புதான். சாய்மானம் உள்ள நாற்காலி தேடவேண்டும், கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்துக்கொள்ளவேண்டும், யார் பேத்தி யார் மருமகள் என்று தெரியாமலே சிரித்துவைக்கவேண்டும். போன மாதம் அப்படி ஒன்றுக்குப் போயிருந்தேன். பெரிய ஓட்டல். வாசலில் ஓர் ஆள் விசிறி வைத்த தலைப்பாகையும் பக்கத்தில் தொங்கும் குஞ்சமுமாக நின்று, காரிலிருந்து இறங்குகிற எல்லோருக்கும் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான். எனக்கும் அடித்தான். கூட வந்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள். நான் நின்று அவன் நெற்றியில் எத்தனை அடுக்கு என்று எண்ணினேன். நாலு. குஞ்சம் காதோடு நின்றுவிட்டது. தைத்து வாங்கியது, குல்லாய் மாதிரி எடுத்து மாட்டிக்கொள்வது. யாரையாவது தேடுகிறீர்களா என்று கேட்டான். இல்லையப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். 

வீட்டில் இதைச் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? உங்களுக்காவது அந்தக் கண்டோன்மெண்ட் கொஞ்சம் நினைவிருக்கும். விடியற்காலை பியூகிள், குதிரைச் சாணி வாசனை, பரேட் மைதானத்துச் செம்மண் ஒட்டிய கணுக்கால். அதனால் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் சுமந்ததில் எனக்கும் தோள் வலிக்கிறது.

இது இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷம் முன்னால் நடந்தது. எனக்கு ஒன்பது வயது. அல்சூர் ஏரியைத் தாண்டி, மர்பி டவுன் பக்கத்தில் எங்கள் லைன். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் பன்னிரண்டு வீடு, எதிரே ஒரு தெருக்குழாய். எல்லோரும் பட்டாளத்துக் குடும்பங்கள், பெரும்பாலும் வடாற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்து ஆட்கள், பாதிக்கு மேல் எங்களைப்போல மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள். அப்பா ஹவில்தார். துப்பாக்கியோடு மண்வெட்டியும் கடப்பாரையும் பிடிக்கிற பட்டாளம் அவருடையது. எங்கேயோ மலையில் ரோடு போட்டார்கள், ஆற்றுக்குப் பாலம் போட்டார்கள். திரும்பி வரும்போது ஆளுக்கொரு தழும்பு கொண்டுவந்தார்கள்.

அப்பா ரொம்பப் பேசுகிற ஆள் இல்லை. அவரைப் பற்றி லைனில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி ஒன்றுதான். அணிவகுப்பில் வரிசையின் வலக்கோடியில் நிற்பவர் அவர். அவரைப் பார்த்துத்தான் மீதி வரிசை தன்னை நேராக்கிக்கொள்ளும். ஆகவே அவர் உடுப்பில் ஒரு பொத்தான்கூடப் பிசகக் கூடாது.

சாதாரண நாட்களில் காக்கித் தலைப்பாகை. பெரிய அணிவகுப்புக்கு மட்டும் நீலம். கறுப்போ என்று சந்தேகம் வருகிற அடர் நீலத்தில் பதினாலு முழத் துணி. அதன் ஒரு முனையில் மஞ்சள் பட்டுநூல் குஞ்சம், இன்னொரு முனை மொட்டை. முதலில் தலையில் கூம்பு மாதிரி ஒரு குல்லா. மொட்டை முனையை அதன்மேல் செருகிச் சுற்ற ஆரம்பித்தால், நெற்றிக்கு மேலே சரியாக ஆறு அடுக்கு விழுந்து, குஞ்சம் இடது தோளைத் தொட்டுக்கொண்டு நிற்கவேண்டும். எல்லாத் தோளிலும் ஒரே உயரத்தில். முன்னால் ஒரு பித்தளை வில்லை. அதைப் புளிபோட்டுத் தேய்ப்பது என் வேலை.

வில்லை தேய்க்கும்போது நான் தொணதொணப்பேன். இத்தனை நீளம் எதற்கு, குஞ்சம் எதற்கு என்று. அப்பா எப்போதாவது பதில் சொல்வார். ஒரு காலத்தில் நம்ம சிப்பாய்கள் மூங்கில் கூடைமேல் மெழுகுத்துணி ஒட்டின தொப்பி போட்டார்களாம், வெயிலில் மண்டை வெந்துபோகுமாம். அப்புறம்தான் பாகை வந்ததாம். புழுதிக்குள் நிற்கிறவன் எந்தப் பட்டாளம் என்று தூரத்தில் குதிரைமேல் இருக்கிற துரைக்குத் தலையைப் பார்த்தே தெரியவேண்டும். அதற்குத்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறமும் ஒரு குஞ்சமும் என்பார். இன்னொன்றும் சொன்னார். தலையில் பாகை இருந்தால்தான் சல்யூட். வெறுந்தலையாக இருக்கிறவன் நேராக நின்றால் போதும், கை தூக்கக் கூடாது. துரைக்குக் கை தூக்கலாம், ஆனால் யாருக்காகவும் பாகையைக் கழற்றுவது கிடையாது. கோயிலில் மட்டும்தான் அப்பா அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். பூசை முடியும்வரை பச்சைக் குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பார்.

கழற்றுவது கிடையாது என்பது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. எங்கள் ஊரில் எங்கள் ஆட்கள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு பெரிய தெருவில் நடக்க முடியாது. எதிரே யாராவது வந்தால் துண்டு கக்கத்துக்குப் போகும். அப்பா ஒருமுறை லீவில் போனபோது உடுப்பும் பாகையுமாக அந்தத் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துவிட்டு மறுநாள் ரயிலேறி வந்துவிட்டார். ஊரில் இருந்த பெரியப்பாதான் அதற்காகப் பத்து வீட்டு வாசலில் விழுந்து எழுந்தார். பெரியப்பாவைக் கோழை என்று நான் ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

அந்த நீலத்தைக் கட்ட இரண்டு பேர் வேண்டும். துணியை நீளவாக்கில் இழுத்துப் பிடித்து மடிப்பெடுக்கவேண்டும். அம்மா ஒரு துரைவீட்டில் ஆயா. பரேட் நாளில்தான் அந்த வீட்டில் விருந்தும் வேலையும் அதிகம் என்பதால் இருட்டோடு போய்விடுவாள். முதல்நாளே துணியைத் துவைத்து, கஞ்சி போட்டு, பாதி ஈரத்தில் தட்டி மடித்து டிரங்குப் பெட்டியில் வைப்பதோடு அவள் பங்கு முடிந்தது. மறுமுனை பிடிக்கிற ஆள் நான்தான்.

அப்பா வாசற்படியில் மொட்டை முனையோடு நிற்பார். நான் குஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பேன். முதுகு தெருக்குழாயில் சில்லென்று படும். பட்டதும் நிற்பேன். துணி விறைப்பாகும். அதுதான் பதினாலு முழம். மடிப்பெடுத்ததும் அப்பா முனையைக் குல்லாவில் செருகிக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சுற்றியபடியே என்னை நோக்கி வருவார். கஞ்சி வாசனையும் சவரச் சோப்பு வாசனையும் கிட்ட வரும். கடைசியில் குஞ்சத்தை என் கையிலிருந்து வாங்கித் தோளில் விட்டுக்கொண்டு, "சரியா இருக்கா பாப்பா?" என்பார். நான் ஆறு அடுக்கையும் எண்ணிச் சரி என்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு முக்கியமான உத்தியோகம் பிறகு கிடைக்கவேயில்லை.

அந்த வருஷம் மழை முடிந்த சமயத்தில் பட்டாளத்தைக் கலைக்கப்போவதாகச் செய்தி வந்தது. சர்க்கார் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது, அவ்வளவுதான். ஒவ்வொரு சாமானாக ஸ்டோருக்குத் திரும்பிப் போனது. மாற்றுத் தலைப்பாகைகளையும் கொடுத்தாயிற்று. ஆளுக்கு ஒன்றே ஒன்று மிஞ்சியது, கடைசி அணிவகுப்புக்காக. அது முடிந்ததும் அதையும் கொடுத்துவிடவேண்டும்.

அப்போதுதான் பெரியப்பா ஊரிலிருந்து வந்தார். ஊர்ப் பெரியவரிடம் பேசிவிட்டாராம். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம் குத்தகைக்குக் கொடுப்பாராம், பக்கத்தில் குடிசை போட்டுக்கொள்ளலாமாம். அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். நான் விளக்குத் திரியைச் சரிசெய்கிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு. வெறுந்தலையா வந்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவட்டும்னாரு. பட்டாளத்துத் துணியத்தான் புடுங்கிக்கிறாங்களே, அப்புறம் உனக்கு இன்னா?" என்றார் பெரியப்பா.

அப்பா கையைக் கழுவிக்கொண்டு பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. அவள் கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் ஒரு பரேட்கூடப் பார்த்ததில்லை. கஞ்சி போட்டதோடு சரி. இந்த முறை துரைசாணியிடம் லீவு கேட்டு வாங்கிவிட்டாள். பெரியப்பாவையும் அழைத்துப்போய்க் காட்டுவதாகத் தீர்மானம். "வந்து பாருங்க மாமா. மொத்தப் பட்டாளமும் உங்க தம்பி தலையப் பாத்துதான் நிக்குது. அதைப் பாத்துட்டு அப்புறம் குனியச் சொல்லுங்க" என்றாள். லைனில் இருந்த பெண்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், வலக்கோடியைப் பாருங்கள் என்று.

எனக்கு வெறுந்தலை என்ற வார்த்தைதான் தூக்கத்தைக் கெடுத்தது. ஸ்டோர்காரர்கள் பாகையை வாங்கிக்கொள்வார்கள். அப்பாவிடம் தலைக்கு ஒன்றும் இருக்காது. ஆகவே கும்பிடு போடச் சொல்வார்கள். கொஞ்சமாவது வைத்துக்கொண்டால்? பதினாலு முழத்தில் கொஞ்சம் குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மொட்டை முனை உள்ளேதானே போகிறது, அதை யாரும் பார்ப்பதில்லையே.

அணிவகுப்புக்கு முந்தின சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லை. பெட்டியைத் திறந்தேன். அப்பாவின் குல்லாவைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து அளந்தேன், தலையளவு தெரியவேண்டுமே. துணிமேல் நூலை வைத்து, அம்மாவின் பழைய கத்தரிக்கோலால் மொட்டை முனையிலிருந்து அந்த அளவுக்கு வெட்டினேன். கஞ்சித் துணி நறுக் நறுக்கென்று வெட்டுப்பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பின்னால் முழம்போட்டுப் பார்த்தேன், ஒன்றேகால் முழம். மாதா படத்தின் பின்னட்டையைத் தளர்த்தி அதற்குள் மடித்து வைத்தேன். எல்லாம் முடிந்த பிறகு அப்பாவிடம் கொடுப்பது என்று திட்டம். அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? மாதாவே தலையாட்டியதுபோல இருந்தது.

விடிந்தது. அம்மா உள்ளே இடுப்புக் குழந்தையாக இருந்த என் தம்பிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். பெரியப்பா பல் தேய்க்க ஏரிப் பக்கம் போயிருந்தார். அப்பா வாசற்படியில் நின்றார். நான் குஞ்சத்தோடு பின்னால் நடந்தேன். குழாய் இன்னும் எட்டவில்லை, அதற்குள் துணி விறைத்துவிட்டது. கையைப் பின்னால் துழாவினேன். எட்டவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், கடைசியில் தன் கையிலிருந்த முனையைப் பார்த்தார். பிசிறு தொங்கிய வெட்டுவாயைக் கட்டைவிரலால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தடவினார்.

"தளத்திப் புடி. ரெண்டடி முன்னால வா" என்றார்.

சுற்றிக்கொண்டே வந்தார். ஆறு அடுக்கு விழுந்தது. குஞ்சத்தை வாங்கித் தோளில் விட்டார். அது தோளுக்கு வரவில்லை, காதுக்கு மேலேயே நின்றது. அவிழ்த்து மறுபடி கட்டினார். ஓர் அடுக்கைக் குறைத்தால் குஞ்சம் தோளுக்கு வந்தது, நெற்றி குறைந்தது. மூன்று தடவை கட்டினார். சரியா இருக்கா பாப்பா என்று கேட்கவேயில்லை. கட்டினபடியே போய்விட்டார். நான் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். ஓடிப்போய் மாதா படத்திலிருந்து துணியை எடுத்துக் கொடுத்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும், வெட்டினது ஒட்டுமா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பரேட் மைதானத்தில் வேலிக்கு வெளியே பெண்கள் கூட்டம். அம்மா தன் கல்யாணப் புடவையில், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். பாண்டு வாசித்தது. நீல வரிசை வந்து நின்றது. வலக்கோடியில் வேறு யாரோ. அம்மா முதல் வரிசையில் தேடினாள், இரண்டாவதில் தேடினாள். ஒவ்வொரு முகமாகக் கடைசிவரை போய்த் திரும்பி வந்தாள். அந்த வரிசையில் குஞ்சங்கள் எல்லாம் ஒரே உயரத்தில், கோடு கிழித்ததுபோல இருந்தன. "எங்கேம்மா என் தம்பி?" என்று பெரியப்பா மெதுவாகத்தான் கேட்டார். பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் கேட்டது.

சாயங்காலம் அப்பா வெறுந்தலையோடு வந்தார். ஸ்டோரில் கொடுத்துவிட்டார். ஏன் நிற்கவில்லை என்று அம்மா கேட்டாள். போகப் பிடிக்கவில்லை என்றார். என் பக்கம் திரும்பவேயில்லை. பெரியப்பா அன்றிரவே ஊர்ப் பேச்சை மறுபடி எடுத்தார், தலைதான் காலியாகிவிட்டதே என்று. அப்பா, "நீ போண்ணா. நாங்க இங்கயே இருக்கோம்" என்றார். 

பட்டாளத்துக்குப் பிறகு அப்பா முனிசிபாலிட்டி ரோடு வேலையில் மேஸ்திரி ஆனார். எனக்குப் பதினாலு பதினைந்து வயசிருக்கும், ஒக்கலிபுரம் பக்கம் வேலை நடந்தபோது சாப்பாடு கொண்டுபோவேன். தார் கொதிக்கும். கூலியாட்கள் எல்லோரும் தலையில் துண்டு சுற்றியிருப்பார்கள், இவர் மட்டும் வெறுந்தலையோடு வெயிலில் நிற்பார். துண்டு கட்டிக்கொள்ளுங்கள் என்று ஒருநாள் சொன்னேன். "வேணாம் பாப்பா. கட்டினா எவனாவது வரும்போது எடுக்கணும்" என்று சிரித்தார். ஊரில் பெரியப்பா வீட்டார், பட்டணத்தில் இருந்தாலும் அடக்கம் வந்துவிட்டது என்று பெருமையாகப் பேசிக்கொண்டார்களாம்.

அம்மாவோ விடவில்லை. சண்டை எதில் ஆரம்பித்தாலும் அந்த மைதானத்தில்தான் வந்து முடியும். உலைத் தண்ணீர் பொங்கினாலும் சரி, தம்பி பரீட்சையில் போனாலும் சரி, "கடைசி நாள்ல தலையக் காட்டாத மனுசன்தானே" என்பாள். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

என் கல்யாணத்தன்று, பக்கத்து வீட்டில் இருந்த பழைய பியூகிள்காரர் கொஞ்சம் போட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னார். அன்றைக்கு வரிசை கட்டும்போதே சுபேதார் குஞ்சத்தைப் பார்த்துவிட்டாராம். அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார். யார் வெட்டியது என்று கேட்டதற்கு அப்பா, "நான்தான் சாப், கால் புண்ணுக்குக் கட்ட வெட்டினேன்" என்றாராம். சர்க்கார் துணியைக் கெடுத்ததாக அப்பாவின் சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மசியில் எழுதிவிட்டு, ஸ்டோர் ரூம் வாசலில் காவலுக்கு நிற்கவைத்துவிட்டார்கள். அங்கிருந்து பாண்டுச் சத்தம் நன்றாகக் கேட்குமாம். உங்க அப்பாவுக்கு அப்போ புண்ணே இல்லையே என்று பியூகிள்காரர் ஆச்சரியப்பட்டார்.

அப்போதாவது அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? பயம் முதல் வருஷத்திலேயே போய்விட்டது. மீதி வருஷமெல்லாம் வெறும் சோம்பல், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்கிற சோம்பல். அந்த நாளை நகர்ந்துகொண்டே போய், அப்பா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்த அன்றைக்குத்தான் வந்தது.

குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி சட்டை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். முன்னந்தலை முழுக்க வெயிலில் கறுத்து, தழும்பு விட்டிருந்தது. நான் என் பெட்டியில் வைத்திருந்த அந்தத் துணியை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். மடிப்பில் வெளுத்துப்போன நீலம். அவர் தலையைத் தூக்கிச் சுற்றினேன். ஒன்பது வயதில் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரு சுற்று முழுதாக வந்தது. இரண்டு முனையும் நெற்றியில் ஒன்றையொன்று தொட்டன, ஆனால் முடிச்சுக்குத் துணி இல்லை. நான் இரண்டு முனையையும் விரலால் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா தலைமாட்டில் இருந்தாள். கையை நீட்டி அந்தத் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். பத்து வருஷம் கஞ்சி போட்ட கை, அதற்குத் தெரியாதா?

"எவ்ளோ வெட்டின?" என்று கேட்டாள்.

ஒன்றேகால் முழம் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. உதடு மட்டும் எண்ணுவதுபோல அசைந்தது.

"அப்போ குஞ்சம் காதுக்கு மேலயே நின்னிருக்கும்" என்றாள்.

பிறகு தன் தோளிலிருந்து முந்தானை ஊக்கைக் கழற்றி, நான் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு முனையையும் சேர்த்துக் குத்தினாள். இரண்டு தடவை தவறிப்போய் மூன்றாவது தடவைதான் சரியாகக் குத்தினாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

கோயிலுக்குக் கொண்டுபோனோம். வாசலில் சவப்பெட்டியை இறக்கியதும் பங்குச் சாமியார் பார்த்துவிட்டு, கோயிலுக்குள் ஆண்கள் தலையில் துணி வேண்டாமே, எடுத்துவிடலாமா என்று தணிவாகத்தான் கேட்டார். தம்பி குனிந்து ஊக்கில் கை வைத்தான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் சாமி. அதை எடுக்க வேணாம்" என்றாள்.

 சாமியார் தலையை அசைத்துவிட்டு முன்னால் நடந்தார். நாங்கள் அப்பாவை உள்ளே தூக்கிக்கொண்டு போனோம்.